பழைய பிக்கப் வண்டியின் முன் ஷாக் அப்சார்பர்களை மாற்றுவது எப்படி?

விளைவித்தால் மட்டும் போதாது. விளைந்ததைச் சேதமின்றிச் சந்தையில் சேர்த்தால்தான் பாடுபட்டதற்குப் பயன் உண்டு. முன்பு மாட்டு வண்டி சென்ற தடத்தில் இன்று பிக்கப் வண்டி செல்கிறது. தனியாகவோ, உறவினரும் பக்கத்துத் தோட்டக்காரரும் கூட்டாகச் சேர்ந்தோ, பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓட்டும் உழவர்கள் பலர். ஆயில் மாற்றுவதையும் டயருக்குக் காற்று அடிப்பதையும் அவர்கள் தவறாமல் செய்கிறார்கள். ஆனால் முன் சக்கரங்களுக்கு அருகே சேறு படிந்து கிடக்கும் ஷாக் அப்சார்பர்களை யாரும் பார்ப்பதில்லை. அவை உழைப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் இந்தப் பழுது பல மாதங்கள் கவனிக்கப்படாமலே போகிறது.

வண்டி ஓடுகிறதே என்று இருந்துவிடக் கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறிய சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால், அந்த நொடியில் பிரேக்கும் பிடிக்காது. ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேட்காது. அதிகாலை இருட்டில் சரக்குடன் செல்லும்போது குறுக்கே ஒரு மாடோ, சைக்கிளில் வரும் ஒருவரோ வந்தால், அந்த ஒரு நொடிதான் உயிரைக் காக்கும் நொடி.

இந்த வேலையைச் சில வகை வண்டிகளில் நீங்களே செய்யலாம். சில வகைகளில் கட்டாயம் செய்யக் கூடாது. எதை எப்போது செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஷாக் அப்சார்பரின் வேலை என்ன?

வண்டியின் சுமையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. சுமையைத் தாங்குவது கமான் பட்டை. சக்கரம் மேட்டில் ஏறும்போது பட்டை வளைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பிக் கொடுக்கிறது. கையால் வளைத்துவிட்ட மூங்கில் கழி பலமுறை ஆடி ஓய்வதைப்போல், பட்டையும் ஆடிக்கொண்டே இருக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் இந்த ஆட்டம் ஓரளவு குறையும். ஆனால் அது போதாது. மீதி ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை.

அது எவ்வாறு அடக்குகிறது? மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியை மெதுவாக இயக்கினால் எளிதாக இறங்குகிறது. வேகமாக அழுத்தினால் கை வலிக்கிறது. மருந்து நீர் சிறு துளை வழியே விரைந்து செல்ல முடியாததே இதற்குக் காரணம். ஷாக் அப்சார்பரின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான். எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. சிறு துளைகளும் வால்வுகளும் வழியே எண்ணெய் நெருக்கிச் செல்வதால் ஆட்டத்தின் விசை வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடுகிறது. பொதுவாக அமுங்கும்போது உள்ள எதிர்ப்பைவிட விரியும்போது உள்ள எதிர்ப்பு மிகுதியாக இருக்கும்படி இதை அமைக்கிறார்கள். பட்டை துள்ளி எழுவதை அடக்குவதற்கே இந்த ஏற்பாடு.

மேல் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்துவிடும். வால்வு தேய்ந்தால் எண்ணெய் இருந்தும் எதிர்ப்பு இராது. இரண்டிலும் முடிவு ஒன்றே: வெறும் குழாய் ஒன்று வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

பழுதை எவ்வாறு அறிவது?

பம்பரை அழுத்திப் பார்க்கும் சோதனையை எல்லோரும் அறிவர். முன் பம்பரை மூன்று நான்கு முறை அழுத்தி ஆட்டிவிட்டுக் கையை எடுத்தால், வண்டி ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். மேலும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் சுமை வண்டியின் பட்டை கெட்டியானது. ஆள் பலத்தால் அதை நன்றாக ஆட்ட முடியாது. ஆகவே இந்தச் சோதனையில் தேறிவிட்டதாலேயே ஷாக் அப்சார்பர் நன்றாக உள்ளது என்று முடிவு செய்யக் கூடாது. பின்வரும் அடையாளங்களையும் பார்க்கவும்.

1. குழாயின் மேல் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி பிடித்துக் களிம்புபோல் படிந்திருத்தல். மேற்புறத்தில் மெல்லிய ஈரம் மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம். சொட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

2. மேடு பள்ளமான சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தி, இரண்டு பக்கத்துக் குழாய்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தல். உழைத்த ஷாக் அப்சார்பர் சூடாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்திருப்பதே பழுதானது. புகைக்குழாய் அருகில் செல்லும் பக்கத்தில் அந்தச் சூட்டினால் ஏமாந்துவிடக் கூடாது.

3. முன் டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தால், ஆங்காங்கே குழி விழுந்தாற்போல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருத்தல்.

4. வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் முன்பக்கம் தொடர்ந்து ஆடுதல்; பிரேக் பிடிக்கும்போது மூக்கு அளவுக்கு மீறித் தாழ்தல்.

5. சிறு பள்ளங்களில் ‘டக் டக்’ என்று ஓசை வருதல். ரப்பர் புஷ் தேய்ந்து போனதே பெரும்பாலும் இதற்குக் காரணம். புஷ் மட்டும் கெட்டு, குழாய் நன்றாக இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். பல நூறு ரூபாய் மிச்சமாகும்.

பணம் செலவிடும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீயரிங் நடுங்குவதற்கெல்லாம் ஷாக் அப்சார்பர் காரணம் அன்று. கிங் பின் தேய்வு, டை ராடு முனைகளில் ஆட்டம், சக்கர பேரிங் தளர்ச்சி, டயரில் சமமற்ற காற்று ஆகியவையும் அதே குறையைக் காட்டும். புதிய ஷாக் அப்சார்பர் போட்டால் இக்குறைகள் சில நாள் மறைந்திருக்கும், நீங்கிவிடா. மறைந்த குறை வெளிப்படையான குறையைவிட ஆபத்தானது. முதன்மைப் பட்டையில் விரிசல் உள்ளதா, சென்டர் போல்ட் முறிந்துள்ளதா, யூ போல்ட் நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

கீழே குனிந்து முன் சக்கரங்களுக்கு உள்பக்கம் பாருங்கள். மூன்று வகைகளில் ஒன்று தென்படும்.

முதல் வகை: இரு முன் சக்கரங்களையும் ஒரே கட்டை அச்சு இணைக்கும். அச்சு கமான் பட்டையின் மேல் யூ போல்ட்டால் கட்டப்பட்டிருக்கும். ஷாக் அப்சார்பர் தனியாக, மேல்முனை சேஸிஸிலும் கீழ்முனை பட்டைக்கு அடியிலுள்ள தட்டிலோ அச்சிலோ பொருத்தப்பட்டிருக்கும். பழைய ஜீப் வழி வந்த வண்டிகளும், 2005-இல் வெளிவந்த டாடா ஏஸ் வண்டியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இதில் ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் பட்டை தன் இடத்திலேயே இருக்கும். நீங்களே செய்யத் தக்கது இதுதான்.

இரண்டாம் வகை: ஒவ்வொரு சக்கரமும் மேல் கை, கீழ் கை என்ற இரு கைகளால் தனித்தனியே தாங்கப்பட்டு, சுருள் வில்லோ முறுக்குக் கம்பியோ சுமையைத் தாங்கும். இதில் கீழ் கை அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து வைப்பதே சில வண்டிகளில் ஷாக் அப்சார்பர்தான். கீழ் கைக்குத் தாங்கல் கொடுக்காமல் கழற்றினால் அது திடீரென இறங்கும். அனுபவம் இல்லாதவர் தொட வேண்டாம்.

மூன்றாம் வகை: ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் வில் அமைந்திருக்கும். 2016-இல் வந்த மாருதி சூப்பர் கேரியின் முன்பக்கம் இத்தகையது. இதில் வில் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் உச்சியில் உள்ள நடு நட்டைக் கழற்றினால், வில் வெடித்தாற்போல் எகிறிக் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். இவ்வேலையைப் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும்.

இனிச் சொல்லப்படுவன யாவும் முதல் வகைக்கு உரியவை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு காளை இளசாகவும் மறு காளை கிழடாகவும் இருந்தால் நுகம் கோணுவதைப்போல, ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுக்கலாம்.

வண்டியின் வகை, ஆண்டு ஆகியவற்றைச் சொல்லி, பழைய ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு வாங்கவும். பழையதற்குப் பெயின்ட் அடித்துப் புதியதுபோல் விற்பவர்களும் உண்டு. பில் கேட்டு வாங்குங்கள். புஷ், வாஷர், நட்டு ஆகியவை உடன் வருகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டை கூட்டிய வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அதிகச் சுமை ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை போட்டால் வண்டி உயர்ந்துவிடும். அதே பழைய அளவு ஷாக் அப்சார்பர் அப்போது குட்டையாகிவிடும். ஆகவே வாங்கும் முன் அளந்து பாருங்கள். சமதரையில் வெற்று வண்டியை நிறுத்தி, மேல் பொருத்துமிடத்தின் நடுவிலிருந்து கீழ் பொருத்துமிடத்தின் நடு வரை அளக்கவும்.

எடுத்துக்காட்டாக, வாங்கவிருக்கும் ஷாக் அப்சார்பரின் நீளம் முழுதும் அமுங்கிய நிலையில் 28 செ.மீ., முழுதும் விரிந்த நிலையில் 44 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடு அளவு 36 செ.மீ. உங்கள் வண்டியில் அளந்தது 37 செ.மீ. என்றால் பொருத்தமே. அளந்தது 42 செ.மீ. என்றால் விரிவதற்கு 2 செ.மீ. மட்டுமே மிச்சம். முதல் பெரிய பள்ளத்திலேயே அது இழுபட்டுக் கண் பிய்ந்துவிடும். அதேபோல், அச்சுக்கும் சேஸிஸில் உள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையே உள்ள இடைவெளி, ஷாக் அப்சார்பர் அமுங்க மிச்சமுள்ள அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். முதல் எடுத்துக்காட்டில் மிச்சமுள்ளது 9 செ.மீ. இடைவெளி அதைவிட மிகுந்தால், ரப்பர் தடுப்பில் படும் முன் ஷாக் அப்சார்பரே அடி வாங்கி நொறுங்கும்.

தேவையான கருவிகள்

ரிங் ஸ்பானரும் பாக்ஸ் ஸ்பானரும் (பல வண்டிகளில் 17, 19 அளவுகள், பழைய ஜீப் வகைகளில் அங்குல அளவும் இருக்கலாம்), கம்பி பிரஷ், சுத்தியல், சிறு கடப்பாறை, துரு இளக்கும் எண்ணெய், ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நான்கு மரக்கட்டைகள், சோப்பு நீர், கந்தல் துணி.

வேலைக்கு முதல் நாள் மாலையே, நட்டுகளின் மரையில் உள்ள சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கவும். எண்ணெய் ரப்பர் குழாய்களின் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளவும். இந்த ஐந்து நிமிட வேலை மறுநாள் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பாதுகாப்பே முதல் வேலை

சரக்கு இல்லாத வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். உழுத மண்ணிலோ, சரிவான வரப்போரத்திலோ வேண்டாம். முதல் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். கைப்பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. சாவியை எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே. தாங்கி நிறுத்துவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலை கொடுக்கக் கூடாது. செங்கல், சிமெண்டுக் கல், உரல் ஆகியவற்றின் மேல் வண்டியை நிறுத்துவதும் கூடாது. அவை எச்சரிக்கை எதுவும் தராமல் நொடியில் நொறுங்கும். ஜாக்கி ஸ்டாண்டு இல்லையென்றால் கெட்டியான அகன்ற மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் அன்று வேலையைத் தொடங்க வேண்டாம். இதனால் மிஞ்சும் பட்டறைக் கூலி, ஒரு குடும்பத்தின் கதியைவிடப் பெரிதன்று.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. உயரமான வண்டிகள் பலவற்றில், சக்கரத்தைக் கழற்றாமலும் வண்டியைத் தூக்காமலுமே இந்த வேலையைச் செய்துவிடலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பினால் கை நுழைய இடம் கிடைக்கும். முடிந்தவரை இம்முறையையே பின்பற்றவும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும் வண்டி விழுவதில்லை.

தூக்கத்தான் வேண்டும் என்றால், சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்திவிட்டு, அச்சுக்கு அடியில், பட்டைக்கு அருகில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டையும் அச்சுக்கு அடியிலேயே வைக்கவும். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் அச்சு கீழே தொங்கி, பிரேக் ரப்பர் குழாய் இழுபடும். அச்சில் வைத்தால் பட்டை சுமையுடன் இயல்பான நிலையில் இருக்கும். புதிய ஷாக் அப்சார்பரைப் பொருத்துவதும் எளிது.

மாற்றும் முறை

1. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். வாஷர் எது, புஷ் எது என்று ஐயம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் வரிசையிலேயே பாகங்களை ஒரு சாக்கின் மேல் அடுக்கி வைக்கவும்.

2. காட்டர் பின் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடவும். பிறகு கீழ் நட்டைத் தளர்த்தவும். நட்டு அசையாவிட்டால் உடனே பலம் கொடுத்து இழுக்க வேண்டாம். சிறிது இறுக்கும் திசையில் திருப்பி, துரு விட்டதும் கழற்றும் திசையில் திருப்பவும். மீண்டும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுக்கலாம். ஸ்பானரை உங்களை நோக்கி இழுக்கவும். தள்ளினால் அது நழுவும்போது கைமுட்டி சேஸிஸில் மோதும்.

3. எதற்கும் அசையாத நட்டைக் கூரிய உளியால் பக்கவாட்டில் பிளந்து எடுக்கலாம். கேஸ் வெல்டிங் தீயால் சூடாக்குவது கூடவே கூடாது. பக்கத்தில் பிரேக் குழாய் இருக்கிறது. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும், சிலவற்றில் அழுத்தமான நைட்ரஜன் வாயுவும் இருக்கின்றன. சூடு பட்டால் வெடிக்கும்.

4. மேல் நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு, கடப்பாறையால் மெல்ல நெம்பிக் கண்ணை அதன் பின்னிலிருந்து வெளியே தள்ளவும். பின் வளைந்திருந்தாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, மேல் பிராக்கெட்டில் வெல்டிங் விட்டிருந்தாலோ புதியதைப் போடுவதில் பயனில்லை. முதலில் அதைத் தேர்ந்த பட்டறையில் சரிசெய்துகொள்ளவும்.

5. கழற்றிய பழையதை நிமிர்த்திப் பிடித்து இழுத்தும் அமுக்கியும் பார்க்கவும். தடையின்றிச் சரிந்து விழுந்தாலும், நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெறுமையாகப் போனாலும் அது கெட்டுவிட்டது. புதியதையும் இவ்வாறே இயக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கைக்கே தெரியும்.

6. புதியது கடையில் படுக்கை நிலையில் கிடந்திருக்கும். அதனால் உள்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பொருத்தும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, ஐந்தாறு முறை முழுதாக விரித்து மெதுவாக அமுக்கவும். தடை ஒரே சீராக வந்த பிறகே பொருத்தவும். பின்னர் மீண்டும் படுக்க வைக்காதீர்கள். வாயு நிரப்பிய வகை கட்டு வாருடன் வரும். பொருத்தும் வரை வாரை வெட்ட வேண்டியதில்லை. வெட்டினால் தானே விரியும்.

7. பளபளப்பான பிஸ்டன் தண்டை இடுக்கியால் பிடிக்கக் கூடாது. ஒரு சிறு கீறல் போதும், அது போய்வரும் ஒவ்வொரு முறையும் சீலை அறுத்துவிடும்.

8. பின்னைத் துடைத்து, ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்பு நீர் மட்டும் தடவி ஏற்றவும். கிரீஸ், டீசல் ஆகியவை ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். மேல்முனையை முதலில் மாட்டி, பிறகு கீழ்முனையை மாட்டவும். எது மேல்புறம் என்பதைப் பழையதைப் பார்த்தே பொருத்த வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் எண்ணெய் வகை வேலை செய்யாது.

9. வாஷர்களைப் பழைய வரிசையிலேயே போட்டு, நட்டுகளைக் கையால் ஏற்றிவிடவும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும்.

10. எவ்வளவு இறுக்குவது? வண்டியின் கையேட்டில் அளவு இருந்தால் அதன்படி செய்யவும். தனி ரப்பர் வளையங்களை வைத்து மேல்முனையில் தண்டின் மேல் நட்டு ஏறும் வகையில், ரப்பர் சற்றுப் பிதுங்கி வாஷரின் விளிம்பு வரை வந்தால் போதும். அதற்கு மேல் நசுக்கினால் ரப்பர் வெட்டுப்படும். காட்டர் பின், ஸ்பிரிங் வாஷர், லாக் நட்டு எதுவாயினும் புதியதே போடவும்.

11. மறுபக்கத்தையும் இவ்வாறே முடிக்கவும். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் நட்டுகளை எதிரெதிராக இறுக்கவும்.

முடித்த பின் சோதனை

ஸ்டீயரிங்கை இடக் கோடி வரையும் வலக் கோடி வரையும் திருப்பி, டயரோ பிரேக் குழாயோ ஷாக் அப்சார்பரில் உரசுகிறதா என்று பாருங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து வழக்கமான இடத்தில் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளவும். பிறகு வெற்று வண்டியை ஆளில்லாத சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மெல்ல நிறுத்திப் பார்க்கவும். ஓசை ஏதும் இல்லையெனில் வழக்கமான வேகத்துக்குச் செல்லலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும், சக்கர நட்டுகள் உட்பட, மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஒருமுறை கசிவையும் புஷ்ஷையும் பார்த்தால் போதும்.

சுமையே பெரிய எதிரி

எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பரையும் கெடுப்பது அளவு மீறிய சுமை. உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,500 கிலோ, வெற்று எடை 1,400 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 1,100 கிலோ. ஓட்டுநரும் துணையாளும் 130 கிலோ. சரக்குக்கு எஞ்சியது 970 கிலோ. தக்காளி நிரம்பிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, பெட்டியோடு சேர்த்து 27 கிலோ என்றால் 35 பெட்டிகளே ஏற்றலாம். ‘இன்னும் பத்துப் பெட்டி’ என்று ஏற்றினால் 270 கிலோ கூடுகிறது. அந்தப் பத்துப் பெட்டிக்குக் கிடைக்கும் வாடகை மிச்சத்தைப் பட்டையும் டயரும் ஷாக் அப்சார்பரும் சிறுகச் சிறுகத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன் ஷாக் அப்சார்பர்கள் காப்பது முக்கியமாக ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் உங்களையும்தான். சரக்கு பெரும்பாலும் பின் அச்சின் மேல் இருக்கிறது. தக்காளி, முட்டை, வாழைத்தார் நசுங்குவது குறைய வேண்டுமானால் பின்பக்கத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும். அடுக்கின் மேல் தட்டில் உள்ள பழங்களே மிகுதியாகக் குலுங்கித் துள்ளும். எனவே பெட்டிகளை விளிம்புக்கு மேல் நிரப்பாமலும், கயிற்றால் அசையாமல் கட்டியும் ஏற்றுவது நலம்.

உழவர்களின் ஐயங்கள்

கேள்வி: ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு வெறும் பட்டையுடன் சில நாள் ஓட்டலாமா?

விடை: கூடாது. வண்டி நகரும் என்பது உண்மை. ஆனால் சக்கரம் துள்ளுவதை அடக்க ஏதும் இராது. சில வண்டிகளில் அச்சு அளவுக்கு மீறி இறங்கிப் பிரேக் குழாயையும் இழுத்துவிடும். பட்டறைக்குச் செல்லும் தொலைவுக்கு மட்டும், வெற்று வண்டியாக, மெதுவாகச் செல்லலாம்.

கேள்வி: கசிந்ததைத் திறந்து எண்ணெய் ஊற்றிச் சீல் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

விடை: இப்போது வரும் பெரும்பாலான ஷாக் அப்சார்பர்கள் திறக்க முடியாதபடி மூடப்பட்டவை. அவற்றை அறுத்து, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்தால் வால்வின் அளவும் எண்ணெயின் தன்மையும் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. புதியது வாங்குவதே சிக்கனம்.

கேள்வி: புதியதைப் போட்ட பின் வண்டி முன்பைவிடக் கெட்டியாகத் தெரிகிறது. தவறா?

விடை: இல்லை. தளர்ந்ததற்கே கை பழகிவிட்டதால் அப்படித் தோன்றும். ஆனால் பள்ளத்தில் இடித்தால், நீளம் பொருந்துகிறதா என்று மீண்டும் அளந்து பார்க்கவும்.

கேள்வி: பழையதை என்ன செய்வது?

விடை: தீயில் போடவோ, கேஸால் அறுக்கவோ கூடாது. அதிலுள்ள எண்ணெயை வயலிலோ கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டவும் வேண்டாம். முழுதாகவே பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடவும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• கட்டை அச்சும் கமான் பட்டையும் உள்ள வண்டியில் மட்டும் நீங்களே மாற்றலாம். சுருள் வில் சுற்றியதைத் தொட வேண்டாம்.
• எப்போதும் இரண்டையும் சேர்த்து மாற்றவும்; ஆனால் ஒவ்வொரு பக்கமாகக் கழற்றவும்.
• ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லக் கூடாது. செங்கல், சிமெண்டுக் கல் தாங்கல் ஆகாது.
• பட்டை கூட்டியிருந்தால் நீளத்தை அளந்த பிறகே வாங்கவும்.
• வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம்.
• 100 கிலோமீட்டர் சென்றதும் மீண்டும் இறுக்கிப் பார்க்கவும்.

அறுவடைக் காலம் தொடங்கிவிட்டால் வண்டிக்கு ஓய்வு இராது. ஆகவே அறுவடைக்கு முன், வேலை குறைந்த ஒரு நாளில், வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தி முன் சக்கரங்களுக்கு உள்பக்கம் ஒருமுறை குனிந்து பாருங்கள். சேற்றைத் துடைத்தால் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். ஒரு நாள் வேலையும் இரண்டு ஷாக் அப்சார்பர்களின் விலையும், சந்தைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு பயணத்துக்கும் காவலாக இருக்கும்.